கம்ப்ரஸரில் இல்லாத கசிவு

போன வாரம் முறுக்கு கடித்து என் கடைவாய்ப் பல்லில் ஒரு மூலை பெயர்ந்துவிட்டது. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் "பார்த்துக் கடிங்க, பல்லு இரும்பு இல்லை" என்று காலமெல்லாம் சொல்லிவந்த பல் டாக்டரின் பல். வெளியே சொல்லவே வெட்கமாக இருந்தது. நாக்கு சும்மா இருக்குமா? உடைந்த இடத்தையே போய்ப் போய்த் தடவிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல், சேலத்தில் எங்கள் தெரு முனையில் புதிதாகக் கிளினிக் திறந்திருக்கும் சின்னப் பெண்ணிடம் போனேன்.

நாற்காலியில் சாய்ந்ததுமே கிராம்புத் தைலத்தின் வாசனை வந்தது. அந்த வாசனை எனக்குப் பிறந்த வீட்டு வாசனை மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு, பல் குடையும் மெஷின் எப்போது கத்தும் என்று காத்திருந்தேன். பல்லில் லேசாக அதிர்வு தெரிந்தது. தண்ணீர் சிலுசிலுவென்று தெறித்தது. கத்தலை மட்டும் காணோம். கையைத் தூக்கினேன். அவள் நிறுத்திவிட்டு என் வாயிலிருந்த பஞ்சை எடுத்தாள்.

"ஏம்மா, மெஷினை இன்னும் போடலியா?"

"பாதி வேலை முடிஞ்சுது மேடம்," என்றாள். அப்புறம் கொஞ்சம் பெருமையாக, "புது மெஷின். சத்தமே வராது," என்று சொல்லிவிட்டுப் பஞ்சைத் திரும்ப வைத்துவிட்டாள்.

சத்தமே வராதா, இல்லை எனக்குத்தான் கேட்கவில்லையா? கேட்டுத் தெரிந்துகொள்ள வாயில் இடமில்லை. வேலை முடிந்து பஞ்சை எடுத்த பிறகு கேட்டிருக்கலாம். கேட்கத் தைரியம் வரவில்லை. ரசீதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நீங்கள் சிரிப்பீர்கள், இந்த வயதில் இதற்கு என்ன பயம் என்று. இந்தப் பயம் எனக்குப் பழைய சிநேகிதம். ஏற்காட்டில் இருந்தபோது பிடித்துக்கொண்டது.

எண்பதுகளின் நடுவில் என் வீட்டுக்காரருக்கு ஏற்காட்டு வங்கிக் கிளைக்கு மாற்றலானது. நான் படிப்பை முடித்து, சேலத்தில் ஒரு பெரிய டாக்டரிடம் கொஞ்ச நாள் கைப்பழக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். மலைக்குப் போனதும் ஒண்டிக்கடை என்ற கடைவீதியில் மாணிக்கம் அண்ணனின் மளிகைக் கடைக்கு மேலே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துப் போர்டு மாட்டினேன். அதுவரை அந்தப் பக்கத்தில் பல் வலி வந்தவர்கள் கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு சேலத்துக்கு பஸ் ஏறுவார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் வலியும் கூடவே திரும்புமாம். அதனால் வந்த நாளிலிருந்தே எனக்குக் கூட்டத்துக்குக் குறைவில்லை. உதவிக்குக் கிளியூரிலிருந்து செல்வி வந்து சேர்ந்தாள். என் வயதுதான் இருக்கும். ஓர் எஸ்டேட் மருந்தகத்தில் சில வருஷம் இருந்தவள், ரத்தத்தைப் பார்த்து மிரளமாட்டாள். வாயில் ஊறும் எச்சிலை உறிஞ்சும் குழாயை அவள் பிடிப்பாள், மெஷினை நான் பிடிப்பேன். நடுவில் நோயாளியின் வாய். இப்படியே எங்கள் இருவர் தலையும் நாள் முழுக்க முட்டிக்கொள்ளாத குறையாக இருக்கும்.

இப்போது அந்த அறையை நினைத்தால், இதைவிட மோசமாக ஓர் அறையை வேண்டுமென்று கட்டினாலும் கட்ட முடியாது என்று தோன்றுகிறது. மெஷினுக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸரை வழக்கமாக வெளியே வைப்பார்கள். சேலத்து டாக்டர் கிளினிக்கில் அது மொட்டை மாடியில் தகரத்தின் கீழ் இருந்தது. மலையில் வெளியே வைத்தால் பனி மூட்டம் உள்ளே போய், குழாயில் காற்றுக்குப் பதில் தண்ணீர் வரும், டேங்க் துருப்பிடிக்கும் என்று சொன்னார்கள். சரி என்று அறைக்குள்ளேயே ஒரு திரைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். கம்ப்ரஸருக்கு ஜலதோஷம் பிடிக்கக் கூடாதே என்று அவ்வளவு அக்கறை. சமவெளி என்றால் ஜன்னலாவது திறந்திருக்கும். மலையில் குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்தியே வைத்திருப்போம். சத்தம் வெளியே போக வழியில்லாமல் நாலு சுவருக்குள் எங்களோடேயே குடியிருந்தது.

இன்னொன்றும் உண்டு. மலையில் அப்போது மின்சாரம் வரும், ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டதும் என் தலைக்கு மேலே இருந்த விளக்கு பூசணிப் பூ நிறத்துக்கு மங்கிவிடும். வெளிச்சம் குறையக் குறைய நான் குனிவேன். மெஷின் கத்திக்கொண்டிருக்கும் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் என் காது இருக்கும். பார்வைக்காகக் குனிகிறோம் என்றுதான் நினைத்தேன். காதும் கூடவே வருகிறது என்பது தோன்றவே இல்லை.

அந்த மெஷினின் சத்தத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நோயாளிகளுக்கு அது எமன் வரும் சத்தம். பல் டாக்டருக்கு அது பேச்சு. கெட்டியான பல்லில் ஓடும்போது மேல் ஸ்தாயியில் கீச்சென்று நிற்கும். சொத்தை தொட்டதும் கொஞ்சம் இறங்கும். கை அழுத்திவிட்டால் திணறும். நான் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் பார்த்ததுதான் அதிகம். அதில் எனக்குக் கர்வமும் இருந்தது. "கண்ணை மூடிக்கிட்டே சொத்தையை எடுப்பேன் தெரியுமா?" என்று வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொள்வேன். "தயவுசெய்து போர்டுல அதை எழுதிடாதே," என்பார் அவர்.

மூன்றாம் வருஷமோ நான்காம் வருஷமோ, மழைக்காலத்தில் அது ஆரம்பித்தது. வேலை முடிந்து மெஷினை நிறுத்தியிருந்தேன். செல்வி தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். எங்கிருந்தோ உஸ்ஸ்ஸென்று மெல்லிசாக ஒரு சத்தம். எனக்கு உடனே புரிந்துவிட்டது, கம்ப்ரஸரில் காற்றுக் கசிகிறது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. காற்றுக் கசிவு எப்படிக் கேட்கும் என்று பல் டாக்டருக்குத் தெரியாதா? குழாய் குழாயாகக் காதை வைத்துக் கேட்டேன். எந்த இடத்தில் வைத்தாலும் அங்கிருந்து வருகிற மாதிரியே இருந்தது.

"செல்வி, உஸ்ஸுன்னு கேக்குது பாரு."

செல்வி துடைப்பத்தோடு நின்று கவனித்தாள். "எனக்கொண்ணும் கேக்கலீங்களே," என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கேக்கற மாதிரியும் இருக்குதுங்க," என்று சேர்த்துக்கொண்டாள். நல்ல பெண். முதலாளியம்மாவின் மனசு நோகக் கூடாது என்று நினைத்தாள். அந்த மரியாதை என்னை மேலும் சில வாரம் முட்டாளாக வைத்திருந்தது.

மறுநாள் கீழே இறங்கும்போது மாணிக்கம் அண்ணனிடம், "அண்ணா, உங்க கடைப்பக்கம் ராத்திரியில உஸ்ஸுன்னு எதாவது கேக்குதுங்களா?" என்று கேட்டுவைத்தேன். மேலே கசியும் காற்று கீழேயும் கேட்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் தராசை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

"பாம்புங்களா?"

"பாம்பு இல்லீங்கண்ணா, இது..."

"உஸ்ஸுன்னா பாம்பில்லாம வேற என்னுங்க? நேத்தே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சுங்க. ஏனுங்க, அந்தத் தடிய எடுத்தாங்க!"

அப்புறம் நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை. எதிர்க் கடை, பக்கத்துக் கடை, பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அரிசி மூட்டை, பருப்பு மூட்டை, மிளகு மூட்டை எல்லாம் ரோட்டுக்கு வந்தன. பாம்பு கிடைக்கவில்லை. ஒரு பெருச்சாளியும், அண்ணன் போன தீபாவளியிலிருந்து தேடிக்கொண்டிருந்த டார்ச் லைட்டும் கிடைத்தன. நான் படியில் நின்றபடி, அத்தனை கூச்சலிலும் என் காதுக்குள் அந்த உஸ் மட்டும் தனியாகக் கேட்பதைக் கவனித்தேன். கம்ப்ரஸரை விட்டு இறங்கி வந்தும் கேட்கிறதே என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பைச் சட்டென்று தள்ளிவிட்டேன்.

கடைசியில் சேலத்திலிருந்து கம்ப்ரஸர் மெக்கானிக் பாஷா பாயை வரவழைத்தேன். பையில் சோப்பும் பெயிண்டு பிரஷ்ஷும் கொண்டு வருவார். சோப்பு நுரையை ஒவ்வொரு மூட்டிலும் பூசுவார். கசிவு இருந்தால் நுரையில் குமிழ் வரும். எல்லா இடத்திலும் பூசினார். கம்ப்ரஸர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது. ஒரு குமிழ்கூட வரவில்லை. வால்வை மாற்றினார், குழாயை மாற்றினார், போனார். உஸ் போகவில்லை. திரும்ப வரவழைத்தேன்.

அன்றைக்கு மரம் விழுந்து லைன் அறுந்து, காலையிலிருந்தே மின்சாரம் இல்லை. நோயாளிகளும் இல்லை. பாஷா பாய் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "இன்னிக்கு அடியோட பாத்துடறேன் மேடம்," என்று டேங்குக்கு அடியில் இருந்த திருகைத் திறந்துவிட்டார். உள்ளே மிச்சமிருந்த காற்று புஸ்ஸென்று போய், கொஞ்சம் துருத் தண்ணீர் சொட்டி, நின்றது. அறை முழுக்க ஒரு சத்தமும் இல்லை.

"இப்ப டேங்க்ல ஒரு பொட்டு காத்து இல்லீங்க. இப்ப நின்னுடுச்சுங்களா?"

நான் கவனித்தேன்.

"இல்லீங்களே பாய். இன்னும் வருதே."

அவர் செல்வியைப் பார்த்தார். செல்வி அவரைப் பார்த்தாள். ரெண்டு பேரும் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். "ஏனுங்கம்மா," என்று செல்வி மெதுவாகச் சொன்னாள், "கரண்ட்டே இல்லீங்களே."

ரெண்டு கையாலும் என் காதுகளைப் பொத்தினேன். வெளியிலிருந்து வரும் சத்தமானால் குறைய வேண்டும். உஸ் பெரிதாகிவிட்டது. கையை எடுத்தேன், மறுபடி பொத்தினேன். நாற்காலியில், நோயாளி உட்காரும் நாற்காலியில், உட்கார்ந்துவிட்டேன். பாஷா பாய் திருகை மூடினார். "டீ சொல்லட்டுங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டார். அவர் அன்று கூலி வாங்க மறுத்ததுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. சீக்காளியிடம்தானே வாங்கமாட்டார்கள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நான் கூப்பிட்டா கேக்காத காதுதானே? அது கல்யாணமான மறுநாளே போச்சு," என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் அவர் சிரிப்பும் நின்றது. ரேடியோவை நான் நாளுக்கு நாள் கூட்டி வைப்பதை அவர் கவனித்திருக்கிறார். சொன்னால் சண்டை வரும் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார்.

அடுத்த சில நாள் ஆளுக்கொரு ஆறுதல். மலையில் ஏறி இறங்கினால் எல்லோருக்கும் காது அடைக்கும், அது விடாமல் தங்கிவிட்டது என்றார் மாணிக்கம் அண்ணன். எனக்கு அதை நம்ப அவ்வளவு ஆசை. வாயை மூடி, மூக்கைப் பிடித்து, காற்றைக் காதுக்குள் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கொட்டாவி விட்டுப் பார்த்தேன். செல்வி நல்லெண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சிக் கொண்டுவந்தாள். "காதுக்குள்ள எண்ணெய் ஊத்தக் கூடாது செல்வி, நான் ஒரு டாக்டர்," என்றேன். "பல்லுக்குத்தானுங்க நீங்க டாக்டர்," என்றாள். தலையைச் சாய்த்துக் கொடுத்தேன். இரண்டு நாள் பூண்டு வாசனை வந்தது. உஸ் அப்படியே இருந்தது.

அப்புறம் சேலத்துக்கு இறங்கிக் காது டாக்டரிடம் போனேன். பஞ்சு மெத்தை ஒட்டிய சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரிசோதனை செய்யும் பெண் பொத்தானை அழுத்துவது எனக்குத் தெரிந்தது. அவள் தோள் அசையும்போதெல்லாம் நான் விரலைத் தூக்கினேன். பரீட்சையில் காப்பியடித்துப் பழக்கமே இல்லாதவள் நான், கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெண் உள்ளே வந்து, என் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் என் விரல் வெகுநேரம் மடியிலேயே கிடந்தது. மெத்தைச் சுவரைப் பார்த்தபடி, இப்போது சத்தம் வந்துகொண்டிருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தைவிடப் பெரிய பயத்தை நான் பிரசவத்தில்கூடப் படவில்லை.

டாக்டர் தாளில் ஒரு கோட்டைக் காட்டினார். சமமாக வந்த கோடு, உயர்ந்த சத்தங்களின் பக்கம் வந்ததும் பள்ளத்தில் விழுந்திருந்தது. "என்ன வேலை பாக்கறீங்க? நூல் மில்லா?" என்றார். பல் டாக்டர் என்றேன். பேனாவை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "பல் டாக்டருக்கா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்போது அதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. மில்லில் ஆயிரம் தறி ஓடும், கல் குவாரியில் வெடி வெடிக்கும். விரல் நீள மெஷின் என்ன செய்துவிடும்?

"போனது திரும்பாதும்மா. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். வேலையை விட்டுட்டா நல்லது. விட முடியலைன்னா காதை அடைச்சுக்கிட்டுப் பாருங்க. உஸ் சத்தம் போகலாம், போகாமலும் இருக்கலாம்."

திரும்பும் பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் மனசு ஒரு பக்கம் சாய்ந்தது. விட்டுவிடலாம். விட்டால் என்ன செய்வேன்? வேறு எதுவும் எனக்குத் தெரியாது. எனக்கு அந்த வேலை பிடிக்கும், அதுதான் உண்மை. வலியோடு வந்தவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே சிரிக்கும்போது எனக்குள் வரும் சந்தோஷம் வேறு எதிலும் வந்ததில்லை. விடாமல் இருந்தால், நாற்பது வயதில் பிள்ளைகள் பேசுவது கேட்குமா? அதைவிட, ஊருக்குத் தெரிந்தால்? "செவிட்டு டாக்டர்" என்று ஒரு வாய் சொன்னால் போதும், ஒண்டிக்கடைக்கே வரமாட்டார்கள்.

விடவில்லை. கம்ப்ரஸரைப் பின்புறம் தகரக் கொட்டகை போட்டு வெளியே அனுப்பினேன். தினமும் காலையில் செல்வி திருகைத் திறந்து பனித் தண்ணீரை வடித்துவிடுவாள், அவ்வளவுதான் பாடு. கொட்டகை மாணிக்கம் அண்ணன் கடைச் சுவரை ஒட்டி வந்துவிட்டது. "பாம்பே பரவால்லீங்க," என்று கொஞ்ச நாள் முனகினார். என் தம்பி ஒரு மில்லில் இருந்தான். அங்கே கொடுக்கும் ரப்பர் அடைப்பான்களில் எனக்கும் செல்விக்கும் வாங்கிக் கொடுத்தான். அதை மாட்டிக்கொண்டதும் மெஷினின் கத்தல் தூரத்தில் போய்விட்டது. கூடவே எல்லாமும் போய்விட்டது. சொத்தையில் இறங்கும் சுருதி கேட்கவில்லை. விரலால் தடவித் தடவிப் புதுசாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பாதி நாள் காதிலிருந்து ஒன்றைப் பிடுங்கிப் பையில் போட்டுவிடுவேன். செல்வி முறைப்பாள். திரும்ப மாட்டிக்கொள்வேன்.

அப்போதுதான் தலைச்சோலையிலிருந்து அந்தப் பெரியவர் வந்தார். காபித் தோட்டமும் கொஞ்சம் பலா மரமும் வைத்திருந்தவர். கீழ்க் கடைவாயில் ஆழமான சொத்தை. மரத்துப்போக ஊசி போட்டேன். "அசையக் கூடாதுங்க, அசைஞ்சா நாக்கைக் கிழிச்சுடும்," என்று எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னேன். குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வி திடீரென்று என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். நிமிர்ந்தேன். பெரியவரின் இரண்டு கண்ணிலிருந்தும் நீர் காதுப்பக்கம் வழிந்துகொண்டிருந்தது. கை நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்தது. மனிதர் அசையவே இல்லை. ஊசி சரியாகப் பிடிக்கவில்லை. நரம்புக்குப் பக்கத்தில் போயிருந்தேன்.

"ஐயா, வலிச்சா சொல்லியிருக்கலாமே!"

"சொன்னனுங்களே சாமி," என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. "தொண்டையிலயே நொம்ப நேரமா சொல்லிக்கிட்டேதான் இருந்தனுங்க. ஆடக் கூடாதுன்னீங்க, அதான் ஆடல."

வாய் திறந்திருக்கும் மனிதன் தொண்டையால்தான் பேச முடியும். அந்த முனகலுக்காகத்தான் பல் டாக்டர் எப்போதும் காதைத் தீட்டி வைத்திருப்பார். செல்வியின் காதும் அடைத்திருந்தது. கண்ணீரைப் பார்த்துத்தான் அவள் இழுத்தாள். மறுபடி ஊசி போட்டு, வேலையை முடித்து அவரை அனுப்பிவிட்டு, நான் பின்பக்கம் போய்க் கொட்டகை அருகில் நின்று அழுதேன். காதைத் திறந்துவைத்தால் காது போகும். மூடிவைத்தால் நோயாளி துடிப்பார். கிளினிக்கை மூடுவதுதான் நியாயம் என்று தோன்றியது. அன்றைக்கு நிஜமாகவே மூடியிருப்பேன்.

செல்விதான் ஒரு வேலை செய்தாள். அடுத்த நாள் காலையில் நான் மேலங்கியை மாட்டியதும் பின்பக்கத்திலிருந்து எதையோ முடிந்தாள். பார்த்தால், கட்டுப்போடும் துணியில் முறுக்கிய நீளமான நாடா. ஒரு முனை என் இடுப்பில். இன்னொரு முனையை நாற்காலியில் உட்கார்ந்திருந்த, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் கையில் கொடுத்தாள். "வலிச்சா இத இழுங்க. அம்மா நிறுத்திருவாங்க."

எனக்கு மானம் போனது. "என்ன செல்வி இது, என்னைக் கட்டிப்போடறே?"

"ஆடாம இழுக்கலாமுங்க. சத்தமும் போட வேண்டியதில்ல. உங்களுக்கும் கேக்கோணும்னு இல்லீங்க."

ரைட்டர் சோதனைக்காக ஒரு முறை இழுத்துப் பார்த்தார். நான் ஒரு அடி பின்னால் போனேன். மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் அந்த நாடா இல்லாமல் நான் ஒரு பல்லைத் தொட்டதில்லை. மலைக்காரர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. ஊசிக்குப் பயந்தவர்கள்கூட நாடாவைக் கையில் வாங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பெரியவர் பாக்கி வேலைக்குத் திரும்ப வந்தபோது, "இத்தன நாளு மாட்டத்தானுங்க கவுறு போட்டுப் புடிச்சோம். இப்ப டாக்டரம்மாவப் புடிக்கறோம்," என்று சொல்லிக்கொண்டே வாயைத் திறந்தார். பிள்ளைகள் வலிக்காமலே இழுத்து விளையாடின. காரணத்தை யாரும் கேட்கவில்லை. இது ஏதோ புது வைத்திய முறை என்று நினைத்துக்கொண்டார்கள். என் காதைப் பற்றிய பேச்சு ஒண்டிக்கடையைத் தாண்டவில்லை.

பயம் மட்டும் நாடாவுக்குக் கட்டுப்படவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் காதருகே விரல்களை உரசிப் பார்ப்பேன். கேட்டால்தான் காபி. ஹாலில் இருந்த சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக்கை வாசற்படியில் நின்று கேட்டுப் பார்ப்பேன். பிறகு ஹால் நடுவில் நின்று. ஒரு நாள் கடிகாரம் நின்றுவிட்டதென்று பேட்டரி வாங்கி வந்தேன். முள் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரியை முந்தானையில் மறைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் பார்த்தும் பார்க்காத மாதிரி பேப்பரைத் திருப்பினார். சாயங்காலம் காட்டுப்பக்கம் சில்வண்டு கத்துவது எந்த வருஷம் நின்றது என்று எனக்குத் தெரியாது. இந்த வருஷம் வண்டே இல்லையே என்று நான் சொன்னபோது, செல்வி கருவிகளைக் கழுவப் போய்விட்டாள்.

ஆனால் அவள் அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். கேட்பதையெல்லாம் எனக்குச் சொல்லுவாள். "குக்கர் சத்தங் கேக்குதுங்க, மாணிக்கண்ணன் ஊட்டுல." "போனு அடிக்குதுங்கம்மா." "வண்டு கத்துதுங்க, நாளைக்கு வெயிலடிக்கும்." சலிக்காமல், செய்தி வாசிக்கிற மாதிரி சொல்லுவாள். என் காதில் உஸ்ஸுக்கு மேலே அவள் குரல் எப்போதும் தெளிவாகக் கேட்கும், கனத்த குரல். காது டாக்டர் சொன்ன பள்ளம் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆழமானது. நான் பயந்த அளவுக்கு இல்லை. பிள்ளைகள் பேசுவது கேட்டது. முகத்தைப் பார்த்துப் பேசினால் இன்றைக்கும் கேட்கிறது. வேலையை நான் விடவே இல்லை, வீட்டுக்காரர் ஓய்வு பெற்று நாங்கள் சேலத்துக்கு இறங்கும்வரை.

இப்போது ஒண்டிக்கடையில் அந்த மாடி இல்லை. முழுக்க இடித்து, தைலமும் சாக்லேட்டும் விற்கும் கடைகளைக் கட்டிவிட்டார்கள். மாணிக்கம் அண்ணன் காலமாகிவிட்டார். கம்ப்ரஸர் பழைய இரும்புக்குப் போனது. நாடாவைச் செல்வி துவைத்து வைத்திருந்தாள், அப்புறம் எங்கே போனதோ.

போன மாசம் செல்வியைப் பார்க்கக் கிளியூருக்குப் போயிருந்தேன். அவள் காது நன்றாக இருக்கிறது. ஊசி விழுந்தால் கேட்கும் என்று அவள் பேரன் சொன்னான். எனக்கு அதில் எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. மத்தியானம் வாசலில் ரெண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். பஸ் போய்விட்டது. பேரன் விளையாடப் போய்விட்டான். பனி மெதுவாக மரங்களுக்குள் இறங்கியது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரில் ஜனங்கள் இதற்காகத்தான் இந்த மலைக்கு வருகிறார்கள்.

"என்னா அமைதிங்க," என்றாள் செல்வி, தன்னை மறந்து. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும். எப்படி இருக்குன்னு சொல்லேன்."

அவள் ரொம்ப நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். எனக்காக எத்தனையோ சத்தங்களைச் சொன்னவள்.

"ஒண்ணுமே இல்லாதத எப்படிங்கம்மா சொல்றது?"

நானும் கேட்டுப் பார்த்தேன். உஸ் இருந்தது. போன சத்தங்களையெல்லாம் ஒருவாறு விட்டுக்கொடுத்துவிட்டேன். வண்டு போனால் போகிறது, கடிகாரம் போனால் போகிறது. சத்தமே இல்லாத அந்த ஏற்காட்டை மட்டும் எனக்கு இன்னும் விட மனசு வரவில்லை. கடைசியாக அது எனக்குக் கேட்டது எந்த நாள் என்றுகூடத் தெரியாது. அன்றைக்கு நான் வேறு ஏதோ யோசனையில் இருந்திருப்பேன்.